அமெரிக்காவிலிருந்து வந்த குழந்தை சீட்டை நம்ம ஊர் காரில் மாட்டுவது எப்படி? பெல்ட் லாக் ஆகவில்லை

வேளச்சேரி_அம்மா:

வணக்கம். பாப்பாவுக்கு 8 மாதம் முடிந்துவிட்டது. எடை 8.4 கிலோ, உயரம் 69 செ.மீ. அமெரிக்காவிலிருந்து அண்ணன் ஒரு கன்வர்ட்டிபிள் கார் சீட் (பின்பக்கம் பார்த்தும் முன்பக்கம் பார்த்தும் வைக்கும் ரகம்) கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அவர் பையன் உட்கார்ந்த சீட்தான். செக்-இன் லக்கேஜில் போட்டு வந்தது. எங்கள் கார் 2021 மாடல் ஹேட்ச்பேக். பின்சீட்டில் ஐசோஃபிக்ஸ், அதாவது குழந்தை சீட்டின் கொக்கியை மாட்டும் கம்பி, இருப்பதாக மேனுவல் சொல்கிறது. ஆனால் ரெக்சின் கவர் போட்டிருப்பதால் கம்பி எங்கே என்றே தெரியவில்லை.

வீடியோ பார்த்து சீட் பெல்ட்டில் மாட்டிப் பார்த்தோம். பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால் அது தானாக லாக் ஆகிவிடும் என்கிறார்கள். எங்கள் காரில் ஆகவில்லை, எவ்வளவு இழுத்தாலும் வருகிறது. பெல்ட்டில் கோளாறா? ஷோரூமில் கேட்டால் "நல்லா டைட்டா கட்டுங்க மேடம், போதும்" என்கிறார்கள். அடுத்த மாதம் திருச்சி போகவேண்டும். அத்தை "மடியில் வைத்துக்கொள்கிறேன், எதுக்கு இந்த வம்பு" என்கிறார். பெல்ட்டா, ஐசோஃபிக்ஸா? எந்தப் பக்கம் வைக்க? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பெல்ட்_முக்கியம்:

பெல்ட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. நம் ஊர் கார்களில் பின்சீட் பெல்ட் பெரும்பாலும் வண்டி சட்டென்று நின்றாலோ, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தாலோ மட்டும் பிடிக்கும் ரகம். மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் விற்கும் கார்களில் பயணிகள் பெல்ட்டுக்குக் கூடுதலாக ஒரு பூட்டு உண்டு. கடைசி வரை இழுத்தால் அது விழுந்து, அப்புறம் பெல்ட் உள்ளே மட்டும்தான் போகும். அந்த வீடியோ அந்த ஊர் காருக்குச் சரி. உங்கள் காரில் அதே மாதிரி மாட்டினால் முதல் நாள் கெட்டியாக இருப்பதுபோல் தெரியும், நாலு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கியதும் லொடலொடவென்று ஆகிவிடும்.

ஆகவே உங்களுக்கு ஐசோஃபிக்ஸ்தான் சுலபம். ஆனால் மாட்டும் முன்பு சீட்டையே பார்த்துவிடுங்கள். செக்-இன் லக்கேஜில் வந்தது என்பதால் சொல்கிறேன்.

துணியைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் கூட்டில் விரிசல் இருக்கிறதா, வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அந்த வெள்ளைக் கோடு பிளாஸ்டிக் அழுத்தம் வாங்கியதற்கு அடையாளம். தலைப்பக்கம் உள்ள தெர்மாக்கோல் உடைந்திருக்கக் கூடாது. சீட்டின் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்த தேதியும் மாடல் எண்ணும் இருக்கும். காலாவதி தேதியும் அங்கேயோ, பிளாஸ்டிக்கில் அச்சாகவோ இருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் 6 முதல் 10 வருடம் வரை கொடுக்கின்றன. தாண்டியிருந்தால் ஓரம் கட்டிவிடுங்கள். அந்த மாடல் எண்ணை வைத்து அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் ரீகால் (கோளாறுக்காகக் கம்பெனி திரும்ப அழைப்பது) ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடலாம். அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தச் சீட் காரில் இருந்தபோது வண்டி எங்காவது மோதியதா? பலமாக மோதியிருந்தால் பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

மடி விஷயம். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி பத்தில் ஒரு பங்கு நொடியில் நின்றால், உள்ளே இருக்கும் எல்லாம் தன் எடையைப்போல் சுமார் 14 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 8.4 கிலோ பாப்பா அப்போது 115 கிலோவுக்கு மேல். எந்தக் கையும் பிடிக்காது. அத்தை பின்சீட்டில் பாப்பா பக்கத்தில் பெல்ட் போட்டு உட்காரட்டும். விளையாட்டுக் காட்டவும் ஆள் ஆச்சு. சட்டம் என்று பார்த்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் போனால் ஓட்டுகிறவருக்கு 1000 ரூபாய் அபராதம்.

இடம்: பின்சீட்டின் இடது ஓரம். நாம் இடதுபுறம் ஓட்டுவதால் நடைபாதைப் பக்கம் நின்று ஏற்றி இறக்கலாம். வலது பின்சீட் என்று சொல்லும் அமெரிக்க வீடியோக்கள் அவர்கள் ஊர் ரோட்டுக்குச் சொல்வது. முன்சீட்டில், ஏர்பேக் வேலை செய்யும் நிலையில், பின்பக்கம் பார்க்கும் சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும்போது சீட்டின் முதுகில்தான் அடிக்கும், அதற்கு நேர் பின்னால் குழந்தையின் தலை.

கோவை_கராஜ்:

அக்கா, முதலில் அந்த ரெக்சின் கவரைக் கழட்டுங்க. பின்சீட் அடிப்பாகமாவது. வெளியில் போடும் கவர்களில் பாதி ஐசோஃபிக்ஸ் துவாரத்தை மூடித்தான் தைத்திருக்கும். கழற்றிவிட்டு, முதுகுப்பகுதியும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவினால் 6 மி.மீ. கனத்தில் இரண்டு கம்பி தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் 280 மி.மீ. இருக்கும். அமெரிக்கச் சீட்டின் கொக்கிக்கும் இதே அளவுதான், பொருந்தும். கவர் வேண்டவே வேண்டும் என்றால் தையல்காரரிடம் கொடுத்து அந்த இடத்தில் வாய் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஆனாலும் குழந்தை சீட் உட்காரும் இடத்தில் வழுவழு ரெக்சின் இல்லாமல் இருப்பதே நல்லது, சீட் பக்கவாட்டில் நழுவும். முன்சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் லேபிள் தைத்திருந்தால் அங்கேயும் கவர் ஆகாது, வெளியே வரும் ஏர்பேக்கைக் கவர் மறிக்கும்.

இன்னொன்று, தரையில் 7டி மேட் (தடித்த மெத்தை மாதிரி மேட்) போட்டிருக்கீங்களா? உங்கள் சீட்டுக்குத் தாங்கு கால் (சீட்டிலிருந்து கார் தரைக்கு ஊன்றும் கால்) இல்லை என்றால் கவலை இல்லை. ஐரோப்பிய சீட் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் கால் மெத்தை மாதிரி மேட் மேல் நின்றால் விபத்தில் அமுங்கிவிடும். மேட்டை அந்த இடத்தில் எடுத்துவிட்டு, கால் வெறும் தரையில் அழுத்தமாக நிற்கவேண்டும். தரைக்கடியில் சாமான் வைக்கும் பெட்டி உள்ள கார்களில் அந்த மூடி மேல் கால் நிறுத்தலாமா என்று மேனுவல் பார்க்காமல் நிறுத்தக் கூடாது.

திண்ணைப்பேச்சு:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு? 9 கிலோ ஆனதும் முன்பக்கமா திருப்பிடலாம்னு பெட்டியிலேயே போட்டிருப்பான். பின்பக்கம் பார்த்தா பாப்பாவுக்குக் காலை நீட்ட இடமே இருக்காது, பாவம். சீட் பெல்ட், ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டையும் சேர்த்துப் போடுங்க, டபுள் சேஃப்டி. மேலே தொங்கற ஸ்ட்ராப்பை டிக்கியில் இருக்கிற ஏதாவது வளையத்தில் இழுத்துக் கட்டுனா நகராது.

நியூஜெர்சி_தமிழன்:

திண்ணைப்பேச்சு சார், மன்னிக்கவும், இதில் எதையும் செய்யக் கூடாது. அமெரிக்கச் சீட்களை மாட்டிச் சோதிக்கும் பயிற்சி எடுத்தவன் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

9 கிலோ என்பது பழைய ஐரோப்பிய ஆர்44 விதியின் கணக்கு. 9 முதல் 18 கிலோ வரை ஒரு குரூப். அது குறைந்தபட்ச வரம்பு, திருப்பும் நாள் அல்ல. அடுத்து வந்த ஆர்129 விதியில் 15 மாதம் ஆகும்வரை பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரவேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது இன்னும் ஒரு படி மேலே: சீட்டின் பின்பக்க எடை, உயர வரம்பைத் தொடும்வரை திருப்பாதீர்கள். காரணம் கழுத்து. கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரிது, கழுத்தெலும்பு இன்னும் பாதி குருத்தெலும்பு. முன்பக்கம் பார்த்தால் வார் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பாயும். பின்பக்கம் பார்த்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் சேர்த்துக் கூடு தாங்கும். கால் மடங்குவது ஒரு பிரச்சினையே இல்லை. சப்பணம் போட்டு உட்காரும்.

பெல்ட்டும் கொக்கியும் சேர்ந்து: சீட் மேனுவல் இரண்டையும் அனுமதித்தால் தவிர கூடாது. ஒன்றின் விசை எப்படிப் பிரியும் என்றுதான் அந்தச் சீட்டைச் சோதித்திருப்பார்கள், இரண்டும் சேர்ந்து பிடித்தால் என்ன ஆகும் என்று சோதித்ததில்லை.

மேல் ஸ்ட்ராப்: பெரும்பாலான அமெரிக்கக் கன்வர்ட்டிபிள் சீட்டில் பின்பக்கம் பார்க்கும்போது அதற்கு வேலை இல்லை, சீட்டிலேயே அதற்கான இடத்தில் மடித்துச் செருகிவிடுங்கள், தொங்கவிடாதீர்கள். முன்பக்கம் திருப்பியதும் கட்டாயம் வேண்டும், தலை முன்னால் போகும் தூரத்தைக் குறைப்பது அதுதான். அப்போதும் காரில் நங்கூரம் போட்ட சின்னமுள்ள இடத்தில்தான். அது சீட் முதுகின் பின்புறமோ, டிக்கித் தரையிலோ, பின்கண்ணாடிக்குக் கீழோ இருக்கும். லக்கேஜ் கட்டும் வளையம் வேறு. அது சாமானைப் பிடிக்கச் செய்தது, விபத்தில் பிய்ந்து வரும்.

இப்போது வேளச்சேரி அம்மாவுக்கு மாட்டும் முறை. காரை சமதளத்தில் நிறுத்துங்கள். மழைத்தண்ணீருக்காக வாசலைச் சாய்வாகப் போட்டிருந்தால் அங்கே வேண்டாம், சாய்வுக் கோடு தப்பாகக் காட்டும். சீட் பக்கவாட்டில் ஒரு கோடோ, குமிழோ இருக்கும். பின்பக்கம் பார்க்கும் நிலையில் அது தரைக்கு இணையாக வரும்படி சாய்வை வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தைக்குச் சுமார் 45 டிகிரி. உங்கள் பாப்பாவுக்குத் தலை நின்றுவிட்டதால், மேனுவல் அனுமதித்தால் அதைவிட நிமிர்த்தி வைக்கலாம், முன்சீட்டுக்கும் இடம் கிடைக்கும்.

அமெரிக்கச் சீட்டில் பெரும்பாலும் இரும்புக் கரம் இருக்காது, இரண்டு பக்கமும் கொக்கி உள்ள வார் இருக்கும். அந்த வார் போகச் சீட்டில் இரண்டு வழிகள் உண்டு, ஒன்று பின்பக்கம் பார்க்க, ஒன்று முன்பக்கம் பார்க்க. கொடுத்தவர் முன்பக்க வழியிலேயே விட்டிருப்பார், அவர் பையன் வளர்ந்தவன். அதைக் கழற்றி, பின்பக்கம் பார்க்கும் வழி என்று லேபிள் ஒட்டிய துவாரங்களில் கோத்து எடுங்கள். முறுக்கு இல்லாமல் இருக்கவேண்டும். கொக்கிகளை இரண்டு கம்பியிலும் 'டக்' என்று விழும்வரை மாட்டி, இழுத்துப் பாருங்கள்.

இறுக்குவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு கையை வார் போகும் இடத்துக்கு நேர் மேலே வைத்து, உடல் எடையைக் கீழேயும் சீட் முதுகின் பக்கமும் கொடுங்கள். மறு கையால் வாரின் நுனியை, அது வெளியே வரும் திசையிலேயே இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் பிடிப்பு அசையாது, கைதான் வலிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று முறை.

சோதனை: வார் போகும் இடத்தில் ஒரு கையால் பிடித்து பக்கவாட்டிலும் முன்பின்னும் அசையுங்கள். 2.5 செ.மீ.க்குள் இருக்கவேண்டும். தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடும், அதைப் பார்த்து மீண்டும் மீண்டும் இறுக்காதீர்கள். பின்பக்கம் பார்க்கும் சீட்டின் தலைப்பக்கம் கொஞ்சம் அசைவது இயல்பு.

கொக்கிக்கு எடை வரம்பு உண்டு. அமெரிக்கச் சீட்டில் சீட் எடையும் குழந்தை எடையும் சேர்ந்து 65 பவுண்டு, அதாவது 29.5 கிலோவுக்கு மேல் போகாதபடி குழந்தையின் வரம்பை லேபிளில் போட்டிருப்பார்கள். உங்களுக்கு அது இன்னும் பல வருடம் தூரம். அதற்கு அப்புறம் பெல்ட்டுக்கு மாற வேண்டும். அப்போது சீட்டில் பெல்ட்டைப் பிடிக்கும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேனுவல் சொல்லும் 'எச்' வடிவ உலோகக் கிளிப் தேவைப்படும். பெல்ட்டைப் போட்டு இறுக்கி, பக்கிள் நாக்குக்குப் பக்கத்தில் மடிப்பின் இரண்டு பட்டையையும் விரலால் சேர்த்துப் பிடித்து, பெல்ட்டைக் கழற்றி, பிடித்த இடத்தில் நாக்கிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் கிளிப்பைக் கோத்து, மீண்டும் பூட்டவேண்டும். பூட்டக் கஷ்டமாக இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நடு சீட்டில் வைக்க ஆசைப்பட்டு, இரண்டு ஓரச் சீட்டின் உள்பக்கக் கம்பிகளைக் கடன் வாங்காதீர்கள். இடைவெளி 280 இருக்காது. கார் மேனுவல் தெளிவாக அனுமதித்தால் மட்டும்தான்.

பெல்ட்_முக்கியம்:

நியூஜெர்சி நண்பர் சொன்னதில் வார்ப்பட்டை பாக்கி இருக்கிறது. அது பாப்பா உடம்பில் எப்படி இருக்கவேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் சீட்டைச் சரியாக மாட்டிவிட்டு இதில் தளர்த்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பின்பக்கம் பார்க்கும்போது தோள் வார் தோளின் உயரத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ உள்ள துளையிலிருந்து வரவேண்டும். முன்பக்கம் திருப்பினால் தோள் உயரமோ அதற்கு மேலோ. முதலில் இடுப்புப் பக்கத் தளர்வை மேலே தள்ளி எடுங்கள், பிறகு நுனியை இழுங்கள். தோளெலும்பு மேல் வாரை நீளவாக்கில் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் இறுக்கவேண்டும், விரல் வழுக்கினால் போதும். மார்புக் கிளிப் அக்குள் உயரத்தில். அது இல்லாத ஐரோப்பிய சீட்டைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், அங்கே குழந்தையை ஒரே அசைவில் விடுவிக்கவேண்டும் என்பது விதி. அமெரிக்கச் சீட்டில் இருந்தால் போடத்தான் வேண்டும்.

உச்சந்தலைக்கும் சீட்டின் மேல் விளிம்புக்கும் இடையே குறைந்தது 2.5 செ.மீ. மிச்சம் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். பொதுவாக எடை வரம்புக்கு முன்பே உயரம்தான் தீரும்.

கொடைக்கானல், ஊட்டி போகிறவர்கள் கனமான ஸ்வெட்டரோடு வாரைப் போட்டு இறுக்குகிறார்கள். மோதலில் பஞ்சு அமுங்கி, நடுவில் இடைவெளி விழுந்துவிடும். மெல்லிய துணியோடு கட்டி, மேலே சால்வையைப் போர்த்துங்கள். சென்னைக்கு வேறு தொல்லை, வெயில். நிறுத்தியிருந்த காரில் பக்கிளின் உலோகம் தொடை வெந்துபோகும் சூட்டுக்கு வரும். இறங்கும்போது வெளிர்நிறத் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போங்கள். ஏற்றும் முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

வேளச்சேரி_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. கவரைக் கழற்றியதும் கம்பி கிடைத்தது, 280 மி.மீ. சரியாக இருக்கிறது. தேதி 2022, ரீகால் எதுவும் இல்லை, அண்ணன் கார் மோதியதில்லை. நீங்கள் சொன்னதுபோல் வார் முன்பக்க வழியில்தான் இருந்தது, மாற்றிவிட்டோம். வார் இருக்கும் இடத்தில் ஒரு செ.மீ.கூட அசையவில்லை. இரண்டு சந்தேகம்: பாப்பா தூங்கினால் தலை முன்னால் சரிகிறது. கழுத்துத் தலையணை வைக்கலாமா? அப்புறம் காலுக்கு நடுவில் உள்ள பக்கிள் சில சமயம் 'டிக்' சத்தம் இல்லாமலே விழுகிறது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாமா?

நியூஜெர்சி_தமிழன்:

கழுத்துத் தலையணை வேண்டாம். சீட்டோடு வராத எதுவும் சீட்டுக்குள் வேண்டாம். முதுகில் வைத்தால் வார் தளரும், கழுத்தில் வைத்தால் தலையை இன்னும் முன்னால் தள்ளும். தாடை நெஞ்சில் படும் அளவுக்குச் சரிகிறது என்றால் சீட் நிமிர்ந்துவிட்டது. கோட்டை மறுபடி சமதளத்தில் பார்த்து, அனுமதிக்கும் எல்லைக்குள் இன்னும் கொஞ்சம் சாயுங்கள். மேனுவல் சரி என்றால் கார் சீட்டின் முதுகோரமும் அடியும் சேரும் இடுக்கில், குழந்தை சீட்டுக்குக் கீழே, ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம். தலை பக்கவாட்டில் சாய்வது பரவாயில்லை. சாய்வை மாற்றினால் கொக்கி வாரை மீண்டும் இறுக்க வேண்டும், மறக்காதீர்கள்.

கோவை_கராஜ்:

எண்ணெயே ஆகாது அக்கா, ஸ்ப்ரே லூப்ரிகன்ட்டும் கூடாது. எண்ணெய் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பூட்டு பாதியில் நிற்கும். உள்ளே பிஸ்கட் தூள், சத்துமாவு காய்ந்தது ஏதாவது ஒட்டியிருக்கும். சில மாடலில் பக்கிளைச் சீட்டின் அடியிலிருந்து கழற்றலாம். மேனுவலில் அப்படி இருந்தால் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பக்கிளை மட்டும் முக்கி, சிவப்பு பட்டனை நாலைந்து தடவை அழுத்தி, உதறி, காற்றில் காயவிடுங்கள். வார் துணியைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தால் போதும். ஊறவைத்துத் துவைத்தால், ப்ளீச் போட்டால் நூலின் வலு போகும். கழுவிய பிறகும் 'டிக்' கேட்கவில்லை என்றால் அந்த பக்கிளை மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

பெல்ட்_முக்கியம்:

திருச்சிக்கு 330 கி.மீ. பக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பாப்பாவைச் சீட்டிலிருந்து எடுத்துக் கீழே படுக்கவிடுங்கள், கால் கை ஆட்டட்டும். ஒவ்வொரு தடவையும் திரும்ப உட்கார வைக்கும்போது இடுப்புத் தளர்வை எடுத்துக் கிள்ளிப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்யவேண்டும், குழந்தை புது டிரஸ் போட்டிருந்தாலும் வார் இருந்த இடத்தில் இருக்காது. டோல் பூத்தில் அழுதால் ஓடும் வண்டியில் வெளியே எடுக்காதீர்கள், ஓரம் கட்டி நிறுத்துங்கள். பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் தண்ணீர் பாட்டில், டிபன் கேரியர் வைக்கவேண்டாம், எல்லாம் டிக்கிக்குள்.